உடையவன் பெயரும் செய்தவன் பெயரும்

சென்ற ஆண்டு மதுரையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். முற்பகல் அமர்வில் பேசியவர் நம் கைவினை மரபைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். மேலைநாட்டுக் கலைஞன் தன் படைப்பின் மூலையில் கையொப்பம் இடுகிறான்; நம் தச்சனும் சிற்பியும் பெயரைப் பொறிக்காமல் படைப்பிலேயே கரைந்துபோனார்கள்; 'நான்' அழிந்த இடத்தில் பிறந்த கலை நம்முடையது என்றார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். பிற்பகலில் வேறொரு பிரச்சினை வெடித்தது. ஒரு சிற்றிதழ் மொழிபெயர்ப்புக் கவிதைகளை மொழிபெயர்ப்பாளரின் பெயரில்லாமல் அச்சிட்டுவிட்டதாம். முக்கால் மணி நேரம் கண்டனங்கள் தொடர்ந்தன. 'இது அப்பட்டமான உழைப்புத் திருட்டு' என்று எல்லோரையும்விட அதிகம் கொதித்தவர், காலையில் தச்சனின் பெயரின்மையை விதந்தோதிய அதே நண்பர்தான்.

அங்கே யாருக்கும் இது முரணாகத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டே இதை எழுதுகிறேன். கவிதைக்குப் பெயர் வேண்டும், கதவுக்கு வேண்டாம் என்பது ஓர் அழகியல் நிலைப்பாடு அல்ல என்று பிறகு பாளையம்பட்டியில் ஒரு தச்சர் எனக்குப் புரியவைத்தார். கையால் செய்யப்படும் ஒவ்வொரு மரப்பொருளிலும் செய்தவரின் முத்திரை இருக்க வேண்டும். அதைத் தடுத்துவந்தது மரபு அல்ல, உடைமை. இதுவே என் தரப்பு.

*

நம் மண்ணில் முத்திரைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எங்கள் விருதுநகர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிமிடம்கூட எரியாத தீக்குச்சிக்கு, பெயரும் படமும் போட்ட பெட்டி உண்டு. செங்கலைத் திருப்பிப் பார்த்தால் சூளைக்காரரின் தலைப்பெழுத்துகள் குழியாகப் பதிந்திருக்கும். சீராக வந்த பித்தளைக் குடத்தின் கழுத்தில் பெண்ணின் பெயரோ, கொடுத்த மாமனின் பெயரோ வெட்டப்பட்டிருக்கும். மாட்டின் தொடையில் சூட்டுக்குறி. வீட்டு முகப்பில் சுதையால் எழுதிய உரிமையாளர் பெயரும் கட்டிய ஆண்டும். 'பிராண்ட்' என்று இன்று விளம்பர உலகம் உச்சரிக்கும் சொல்லே, சுட்டெரித்தலைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்ததுதான்.

இவையெல்லாம் யாருடைய முத்திரைகள்? ஆலை முதலாளி, சூளைக்காரர், கொடுத்தவர், வாங்கியவர், வளர்ப்பவர். குச்சியில் மருந்து தோய்த்த கை, களிமண்ணை அச்சில் அறைந்த கை, குடத்தைத் தட்டி வளைத்த கை ஆகியவற்றின் பெயர் எதிலும் இல்லை. 'நான்' அழிந்த பண்பாடு என்று நாம் பெருமை பேசும் இதில் உடையவனின் 'நான்' எங்கும் அழியவில்லை. செய்தவனுடையது மட்டும் அழிந்திருக்கிறது. அது அழிந்ததா, அழிக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி.

*

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எனக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தெரிந்த தச்சர் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்தவர். வண்டிச் சக்கரமும் கலப்பையும் செய்த தந்தையிடம் தொழில் படித்தவர். குடம் எங்கே, ஆரக்கால் எங்கே, வட்டை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கருவேல மரத்தில் குடம் கடைந்த கை, இப்போது ஆயத்தக் கதவுகளுக்குக் கீல் பொருத்திக் கூலி வாங்குகிறது.

அவரிடம் ஒரு வியாசபீடம் செய்து கேட்டேன். செட்டிநாட்டுப் பக்கம் சிக்குப்பலகை என்பார்கள். ஒரே பூவரசம் பலகை; ஆணி இல்லை, கீல் இல்லை, பசை இல்லை. பலகையின் நடுவே விரல்கள் கோத்தாற்போல் முடிச்சுகளை உளியால் குடைந்து, இரு முனைகளிலிருந்தும் அதன் தடிமனையே வாளால் இரண்டாகப் பிளந்துகொண்டு வர வேண்டும். முடிந்ததும் பலகை கத்தரிக்கோல்போல் விரிந்து நிற்கும். ஒரு நூலிழை பிசகினால் பலகை விறகு. நான்கு நாளில் கொண்டுவந்து கொடுத்தார். நூலாசிரியனின் பெயரால் வழங்கும் அந்தப் பலகையைக் கையில் வாங்கியபோது மதுரைக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

"இதுல உங்க பேரைப் போட்டுக் குடுங்க ஆசாரியாரே" என்றேன்.

சிரித்தார். "பேரா? எதுக்கு சார்? நாளைக்குப் பலகை வெடிச்சா என்னையத்தான வைவாக."

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். "ஒரு தடவை போட்டுப் பாத்தேன் சார்."

முப்பது ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒருவர் வீட்டுக்கு நிலை செய்திருக்கிறார். நிலை வைக்கும் நாளில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, வேட்டி, தட்டில் பணம் என்று எல்லா மரியாதையும் நடந்திருக்கிறது. நிலையின் மேல்சட்டத்தில் உட்புறமாக, புளியங்கொட்டை அளவில், தன் தலைப்பெழுத்தையும் ஆண்டையும் வெட்டியிருந்தாராம். ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் கண்ணில் அது பட்டுவிட்டது. 'என் வீட்டு நிலையில உன் பேரா?' என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, எதிரிலேயே நின்று இழைப்புளியால் அதை எடுக்கச் சொல்லி, அந்த அரை நாள் கூலியையும் கழித்துக்கொண்டிருக்கிறார்.

"அன்னைக்கு எடுத்ததுதான் சார்" என்றார். குரலில் புகார் ஏதும் இல்லை.

'படைப்பில் கரைந்துபோதல்' என்று நாம் மேடையில் சொல்வதன் இன்னொரு பெயர் இதுதான் போலும். அன்று அவருடைய உளிப்பிடிகளைக் கவனித்தேன். ஒவ்வொன்றிலும் காய்ந்த கம்பியால் சுட்ட மூன்று கோடுகள். களவு போகாமலிருக்க இட்ட அடையாளமாம். அவருக்கு முத்திரை இல்லாமல் இல்லை. தனக்குச் சொந்தமான பொருளில் போட்டுக்கொண்டிருக்கிறார். தான் செய்து பிறருக்குக் கொடுத்த பொருளில் அதைப் போட அவருக்கு உரிமை இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் என்னவென்று அன்றுதான் கேட்டேன். பதினோரு ஆண்டுகளாக என் கைபேசியில் அவர் 'பாளையம்பட்டி ஆசாரி'. ஊரும் சாதியும் தொழிலும் போதும் என்று எம்.ஏ. தமிழ் படித்த நான் நினைத்திருக்கிறேன்.

*

தமிழ் இலக்கியத்தைப் பாடம் நடத்துபவன் என்ற முறையில், 'பெயரின்மை நம் மரபு' என்ற வாதத்தை மூலத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்.

தச்சுத் தொழிலுக்குத் தமிழில் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு புறநானூற்றின் 87ஆம் பாடலில் இருக்கிறது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்குமோ அப்படிப்பட்டவன் அதியமான் என்கிறார் ஔவையார். பாடியவர் பெயர் தெரியும். பாடப்பட்டவன் பெயர் தெரியும். சக்கரம் செய்தவன் உவமையாக மட்டும் நிற்கிறான்.

நற்றிணையில் கச்சிப்பேட்டுப் பெருந்தச்சனார் என்றும், கச்சிப்பேட்டு இளந்தச்சனார் என்றும் இரண்டு புலவர்கள் உண்டு. கவிதை எழுதியபோதும் அவர்களுக்குக் கிடைத்தவை ஊர், தொழில், வயது வேறுபாடு ஆகிய மூன்றே. சொந்தப் பெயர் வந்து சேரவில்லை. என் கைபேசியின் 'பாளையம்பட்டி ஆசாரி'க்கு ஈராயிரம் ஆண்டு முன்னோடி இருக்கிறது என்று நான் பெருமைப்படலாம்தான். ஆனால் அதே தொகைநூல்களில் எங்கள் மாவட்டத்துத் திருத்தங்கலைச் சேர்ந்தவராகக் கருதப்படும் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் இருக்கிறார். ஊர், தொழில், அவற்றோடு பெயரும். பெயர் சொல்வதும் மரபில் இருந்தது என்பதற்கு அவர் ஒருவரே சாட்சி.

செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பாடலின் தொடரையே பெயராகப் பெற்ற புலவர்களைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். 'படைப்பே முத்திரை' என்பதற்கு இதைவிட அழகான சான்று உண்டா என்பார்கள். தொகுத்தவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று யோசிக்க வேண்டும். பெயர் தொலைந்துபோயிருந்தது. பெயரில்லாமல் ஒரு பாடலை விட்டுவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இழப்பை ஈடுகட்டச் செய்த வேலையை இழப்பின் பெருமையாக வாசிப்பது நம் தவறு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் இருக்கிறான். ஆகக் கல்லிலும் பெயர் பொறித்தார்கள். ஆனால் அங்கேயும் சொந்தப் பெயருக்கு மேல் அரசனின் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொண்டுதான் அவன் நிற்க முடிந்தது. ஏட்டுச் சுவடிகளின் கடைசி ஏட்டையும் பாருங்கள். பெயர்த்தெழுதியவர்கள் பலர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து வைத்திருக்கிறார்கள். நூல் தம்முடையது அல்ல என்று அவர்களுக்குத் தெரியும். எழுத்தாணி பிடித்த கை தம்முடையது என்பதும் தெரியும். எழுத்தாணி பிடித்த கைக்கு உள்ள உரிமை உளி பிடித்த கைக்கு ஏன் இல்லை?

*

பெயரின்மையைப் போற்றுவோர் இருவரைத் துணைக்கு அழைப்பார்கள். ஒருவர், 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. மற்றவர் ஜப்பானிய நாட்டார் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யனாகி சோயெட்சு. இருவரும் பெரிய மனங்கள். எளிதில் ஒதுக்கிவிடக் கூடியவர்கள் அல்லர்.

ஆனால் குமாரசுவாமி இந்தியக் கைவினைஞனைப் பற்றி 1909இல் வெளியிட்ட நூலில், அவனை ஊரோடும் தொழிற்குழுவோடும் சேர்த்தே பேசினார். களத்தில் தானியமாகக் கிடைத்த சுதந்திரம், ஊர் கொடுத்த காப்பு, தலைமுறைகளாகத் தெரிந்த முகம் ஆகியவை இருந்த உலகம் அது. அங்கே பொருளில் பெயர் தேவைப்படவில்லை. ஏரைப் பார்த்தாலே யார் செய்தது என்று ஊருக்குத் தெரியும். அந்த உலகத்தின் சாதிக் கணக்கை அவர் போதிய அளவு பார்க்கவில்லை என்பது வேறு விவாதம். இன்று களமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. பாளையம்பட்டியில் செய்த பலகை சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறது. காப்பு போன பிறகு பெயரின்மையை மட்டும் தச்சன் சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

யனாகியின் தோழரான குயவர் ஹமாடா ஷோஜி, மஷிகோவில் குடியேறிய பிறகு தம் கலங்களில் முத்திரை இடுவதை நிறுத்திவிட்டார். அழகான செய்தி. அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கலத்தை வைத்து விற்கும் மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருந்தது. 1955இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. பெயரைத் துறப்பது பெயர் பெற்றவருக்குக் கட்டுப்படியாகும் செலவு. பெயரே கிடைக்காதவரிடம் துறவைப் போதிப்பது அவருக்குச் செய்யும் கேலி.

*

'பலகை வெடிச்சா என்னைய வைவாக' என்று அவர் சொன்னாரே, பெயர் வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை. முத்திரை முதன்மையாக ஒரு பொறுப்பு. பாரிசின் தச்சர் குழு 1743இல் வகுத்து 1751 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி, அறைகலன் செய்யும் ஒவ்வொரு மேஸ்திரியும் தன் பெயரை இரும்பு அச்சால் பொருளில் அடிக்க வேண்டும் என்றது. வேலை மோசமாக இருந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காகத்தான். பெயர் அடிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் அடிப்புறம், பின்புறம். விளம்பரம் செய்யும் இடமல்ல. 1791இல் குழுக்களே ஒழிக்கப்பட்டபோது விதியும் போனது. வசவுக்காகப் பொறித்த அந்தப் பெயர்களால்தான் இன்று அந்தக் கைகளை அடையாளம் காண முடிகிறது. வசவும் வாழ்த்தும் ஒரே முகவரிக்குத்தான் வந்து சேரும்.

நம்மிடமும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தார். வாசித்தவரின் பெயரோடு செய்தவரின் பெயரும் இசையுலகில் நிலைத்துவிட்டது. அதனால் நாகசுரத்தின் இசை குறைந்துபோகவில்லை. ஆனால் ஒரு மேதையின் கை தொட்டால்தான் ஆசாரியின் பெயர் மிஞ்சும் என்றால், கதவும் கட்டிலும் நடைவண்டியும் செய்தவர்கள் எந்த மேதைக்காகக் காத்திருப்பது?

அரசு என்ன செய்கிறது? புவிசார் குறியீடு தருகிறது. 1999இல் இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பதிவகம் சென்னையிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் வீணை 2013இலும், அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும், நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இலும் அந்தக் குறியீட்டைப் பெற்றன. நல்லதுதான். போலிகளிடமிருந்து ஊரின் பெயரை அது காக்கும். ஆனால் அது காப்பது ஊரையும் தொழிலையும் மட்டுமே. சட்டத்தின் மொழியிலும் நம் தச்சன் இன்னும் கச்சிப்பேட்டுப் பெருந்தச்சன்தான். 2023இல் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் தச்சருக்கு அடையாள அட்டையும் கடனும் தருகிறது. அது குலத்தொழிலை வலுப்படுத்தும் என்று மறுத்த தமிழ்நாடு அரசு 2025இல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த விவாதத்தில் நான் தமிழ்நாட்டின் பக்கமே நிற்கிறேன். ஆனாலும் ஒன்று. இரண்டு திட்டங்களிலும் கைவினைஞரின் பெயர் விண்ணப்பத்தில் இருக்கிறது. அவர் செய்த பொருளில் இல்லை.

இது நடக்காத காரியமும் அல்ல. நெய்தவரின் பெயரும் புகைப்படமும் அச்சிட்ட அட்டையைப் பட்டுச் சேலையோடு கோ-ஆப்டெக்ஸ் இணைத்துக் கொடுத்திருக்கிறது. தறிச்சத்தம் கேட்டு வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரனுக்கு அதன் அருமை தெரியும். சேலைக்குச் செய்ய முடிந்ததைச் சேருக்குச் செய்ய முடியாதா?

*

எழக்கூடிய மறுப்புகள் மூன்று.

முதலாவது, 'இது வணிகமயமாக்கல். எல்லாவற்றையும் பிராண்டாக மாற்றும் சந்தையின் தந்திரம்.' பெருநகரங்களில் கண்ணாடிக் கடைகள் வைத்திருக்கும் வடிவமைப்பாளர்களைப் பார்த்தால் இந்த அச்சம் நியாயமே. கூலிக்கு அமர்த்திய தச்சர் செய்த மேசையில் கடைக்காரரின் சின்னம் மின்னுகிறது. ஆனால் அது பழைய கதையின் புதிய பதிப்பு. அங்கேயும் உடையவனின் முத்திரைதான் இருக்கிறது. அதற்கு மாற்று, செய்தவரின் பெயரையும் பக்கத்தில் கேட்பது. எந்த முத்திரையுமே வேண்டாம் என்று தச்சனுக்கு உபதேசிப்பதால் கடைக்காரரின் சின்னம் மறையப்போவதில்லை.

இரண்டாவது, 'ஒரு பொருளில் பல கைகள் இருக்கின்றன. யார் பெயரைப் போடுவது?' எல்லோர் பெயரையும் போடலாம். ஒரு நூலின் பின்பக்கத்தில் மெய்ப்பு நோக்கியவர்வரை நன்றி சொல்லும் நமக்கு இது புதிரல்ல.

மூன்றாவது, 'வாங்குபவர் விரும்பமாட்டார்.' இதுதான் உண்மையான மறுப்பு. மற்ற இரண்டும் இதற்குப் போர்த்திய சால்வைகள். ஜார்ஜ் நாகஷிமா என்ற அமெரிக்கத் தச்சர், 1930களின் இறுதியில் புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தில் இருந்தவர், தம் மேசைகளின் அடியில் நெடுங்காலம் வாங்குபவரின் பெயரைத்தான் எழுதிவந்தார். பிற்காலத்தில் தம் கையொப்பத்தையும் ஆண்டையும் சேர்த்தார். மேசைக்கு அடியில் இரண்டு பெயர்களுக்கும் இடம் இருந்தது. நம் வீட்டு நிலையில் மட்டும் இடமில்லையா?

செயல் மிக எளியது. சிவகாசி அச்சகங்களுக்குப் பித்தளை அச்சுக்கட்டை செய்பவர்களிடம் இடவலம் மாறிய எழுத்தில் ஒரு சிறு முத்திரை செய்துகொள்ளலாம். இழைத்து முடித்த பின், மெருகு பூசுமுன், சூடாக்கி ஒரு முறை அழுத்தினால் போதும். சூடு மிஞ்சினால் எழுத்தின் விளிம்பு கருகிப் பரவும். கழிவுப் பலகையில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வேம்பு, பூவரசு போன்றவற்றின் வெளிர்ந்த பகுதியில் சூட்டெழுத்து துலங்கும். கருவேலின் கரிய வைரத்தில் துலங்காது. அதில் உளியால் வெட்டுவதே மேல். பெயர், ஊர், ஆண்டு. அவ்வளவுதான். வணிகக் குறியாகப் பதிய விரும்பினால் தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். பதியாவிட்டாலும் தன் பெயரைத் தன் வேலையில் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை, வாங்குபவரின் மனத்தைத் தவிர.

ஆகவே என் கோரிக்கை தச்சர்களிடம் அல்ல, வாங்குகிற நம்மிடம். அடுத்த முறை ஒரு கட்டிலோ அலமாரியோ செய்யச் சொல்லும்போது, கூலி பேசுகிற அதே வாயால், 'உங்கள் பெயரைப் போட்டுக் கொடுங்கள்' என்று சொல்லுங்கள். அவர்கள் தயங்குவார்கள். இழைப்புளியால் எடுக்கவைத்த கைகள் எங்களைச் சேர்ந்தவைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் கேளுங்கள்.

பாளையம்பட்டிக்காரரின் பெயரை இங்கே ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பெயர் அவருடையது. போடுவதும் போடாததும் அவர் முடிவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும். வியாசபீடத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து வந்தபோது, அடிப்பக்கத்தில் உளிப்பிடிகளில் பார்த்த அதே மூன்று கோடுகள் இருந்தன. பக்கத்தில் ஆண்டு. பெயர் இல்லை.

"இப்போதைக்கு இது போதும் சார்" என்றார். எனக்குப் போதவில்லை. கைபேசியில் அவர் பெயரை மாற்றி எழுதிவிட்டேன்.